ஆடும் சக்கரத்தில் பழகிய கை

எங்கள் சந்தில் சட்டியக்காவை யாரும் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பூந்தொட்டியும் மண்கோப்பையும் செய்கிறவர் என்று யாரோ எப்போதோ வைத்த பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. அவருடைய பட்டறைக்கும் என் கடைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். நான் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். கருகிய செம்புக் கம்பியை உருவிப் போட்டுவிட்டுப் புதுக் கம்பி சுற்றுகிற வேலை. கையும் கண்ணும்தான் ஓடும், வாய் சும்மா இருக்கும், காது திறந்தே கிடக்கும். அதனால் சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா சக்கரத்தை மிதிக்கிற சத்தத்தை வைத்தே அன்றைக்கு அவர் உடம்பு எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுவேன்.

சாயங்காலம் வேலை ஓய்ந்ததும் டீயை எடுத்துக்கொண்டு என் கடை வாசலுக்கு வருவார். ஸ்டூலில் உடனே உட்கார மாட்டார். ஒரு கையால் சுவரைப் பிடித்து, இடது பக்கம் சாய்ந்து, வலது காலை முன்னால் நீட்டி, மெல்ல மெல்ல இறங்குவார். மூட்டை இறக்குகிற மாதிரி தன்னைத்தானே இறக்கி வைப்பார். அறுபது ஆக இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. இடுப்புக்கு மட்டும் எண்பது.

"என்னக்கா, ஆச்சா?" என்பேன்.

"எங்க ஆகுது. நாளைக்கும் மண்ணு இருக்கு, நாளைக்கும் நான் இருக்கேன்" என்பார்.

அப்புறம் டீ ஆறுகிற வரைக்கும் பேச்சு பழைய சக்கரங்களைப் பற்றித்தான். சிலர் பழைய வீட்டைப் பற்றி, சிலர் பழைய நண்பர்களைப் பற்றிப் பேசுவார்கள். அக்காவுக்குச் சக்கரம்.

அக்கா குயவர் குடும்பம் இல்லை. அப்பா பஸ் கண்டக்டர். அந்த வீட்டுக்கும் மண்ணுக்கும் இருந்த ஒரே உறவு செருப்பில் ஒட்டிக்கொண்டு வருவதுதான். பள்ளிக்கூடக் கடைசிப் பரீட்சையில் தேறவில்லை. வீட்டில் உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல், பக்கத்துத் தெருப் பெண் வேலை பார்த்த தொட்டிக் கம்பெனிக்கு அவளோடு போனார். தகரக் கூரை போட்ட நீளக் கொட்டகை. ஒரு முனையில் மண் மலை, மறு முனையில் சூளை. நடுவில் மூன்று சக்கரம். பெண்கள் மண்ணை மிதித்துப் பிசைந்து உருண்டை பிடித்துக் கொடுக்க வேண்டும், ஆண்கள் சக்கரத்தில் உட்கார்ந்து தொட்டியாக்க வேண்டும். அதுதான் அங்கே இருந்த ஏற்பாடு.

அந்த மூன்று சக்கரத்துக்கும் பெயர் உண்டு. முதல் சக்கரம் சீமாட்டி. சத்தமே போடாது, மூத்த தொழிலாளி ஒருத்தர் தவிர யாரையும் அண்ட விடாது. இரண்டாவது கடன்காரன். விளிம்புக் குழியில் கோலைக் கொடுத்து எவ்வளவு வேகமாகச் சுற்றிவிட்டாலும் நாலு சுற்றில் இழுத்துக்கொண்டு நின்றுவிடும். மூன்றாவது ஆட்டக்காரி. அடியில் அது நின்று சுழலுகிற முளை தேய்ந்து போயிருந்தது. அதனால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் ஒரு சின்ன ஆட்டம் ஆடிவிட்டுப் போகும்.

"விக்கல் மாதிரி, தம்பி" என்று அக்கா சொல்வார். "சுத்துக்கு ஒரு விக்கல்."

ஆட்டக்காரியில் உட்கார்ந்திருந்தவர் ஒருநாள் தன் அண்ணனோடு மீன்கடை வைக்கிறேன் என்று போய்விட்டார். மற்ற ஆண்கள் யாரும் அந்தச் சக்கரத்துக்கு மாற ஒத்துக்கொள்ளவில்லை. மேஸ்திரி கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார்.

"ஆள் கெடைக்கிற வரைக்கும் நீ உக்காரும்மா" என்றார்.

ஆள் கிடைக்கவே இல்லை. அக்கா அதில் ஒன்பது வருஷம் உட்கார்ந்தார்.

முதல் சில மாதம் செய்ததெல்லாம் மண்ணுக்கே திரும்பிப் போனது. விக்கல் வருகிற இடத்தில் தொட்டியின் சுவர் கையில் வந்து முட்டும், கிழியும். போகப் போகக் கை கற்றுக்கொண்டது. அந்த இடம் வரும்போது விரல்கள் தானாகக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், தாண்டியதும் பழையபடி அழுத்தும். யோசித்துச் செய்கிறது இல்லை. கண் இமைக்கிற மாதிரி. கடைசியில் சீமாட்டியில் செய்த தொட்டியையும் ஆட்டக்காரியில் செய்த தொட்டியையும் பக்கத்தில் வைத்தால் மேஸ்திரிக்கே வித்தியாசம் தெரியாது.

"அது ஒரு நாத்தனார் மாதிரி" என்று ஒருமுறை சொன்னார். "குத்தும். ஆனா அது எங்க குத்தும்னு தெரிஞ்சுபோச்சுன்னா, அதோட இருந்துடலாம். கோல் விடுற குழி இருக்கே, என் கைக்குன்னே தேஞ்சிருந்துச்சு. மத்தியானம் தகரம் காயும்போது சக்கரம் மட்டும் ஈரமா, சில்லுனு இருக்கும். சாப்பிட்டுட்டு வந்து அது மேல கன்னத்த வெச்சுக்குவேன்."

சொல்லிவிட்டு டீயைக் குடிப்பார். நான் சிரித்தால் அவரும் சிரிப்பார். ஆனால் கன்னத்தை வைத்தது நிஜம்.

அக்கா தன் கணவரை அந்தக் கம்பெனியில்தான் பார்த்தார். மண் அரைக்கிற இயந்திரத்தின் தண்டு உடைந்து போனபோது பழுது பார்க்க வந்த லேத் பட்டறைக்காரர். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். பேச்சு கம்மி. ஒரு இரும்புத் துண்டைக் கையில் எடுத்தால் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வார்த்தையைப் பேசுவார். அன்றைக்கு வேலை முடித்துப் போகும்போது ஆட்டக்காரியின் முன்னால் நின்றிருக்கிறார். அது ஆடுவதைப் பார்க்க அவருக்குப் பல் கூசியிருக்கும்.

"இதுக்கு அடியில ஒரு புஷ்ஷு, பித்தளை வளையம், போட்டா நேராயிடுமே. நான் போட்டுத் தரேன்" என்றாராம்.

"அதத் தொட்டீங்கன்னா கைய ஒடிச்சிடுவேன்" என்றாராம் அக்கா.

அவர்கள் முதன்முதலாகப் பேசிக்கொண்டது அதுதான். அடுத்த வருஷம் கல்யாணம்.

கல்யாணம் ஆனதும் மாமா செய்த முதல் காரியம் அக்காவுக்கு ஒரு சக்கரம் கட்டியது. யாருக்கோ தொட்டி செய்து கொடுத்தது போதும், இனிமேல் உனக்காகச் செய் என்றிருக்கிறார். கோல் போட்டுக் கையால் சுற்றுகிற சக்கரம் இல்லை. காலால் மிதித்துச் சுற்றுகிறது. அடியில் கனமான சிமெண்டு வட்டம், அதை உதைத்தால் மேலே சின்னப் பலகைத் தட்டு சுழலும். இரண்டையும் இணைக்கிற தண்டு ஒரு பழைய லாரியின் அச்சு. அதை ஷிப்டு முடிந்த பிறகு நாள்கணக்கில் லேத்தில் கடைந்தார். சிமெண்டை வார்த்து, காய்ந்ததும் உரசி, எந்தப் பக்கமும் கனம் சாயாமல் சமன் பார்த்தார். மேலே புதுப் பேரிங். உட்காருவதற்கு ஒரு கழற்றிப் போட்ட கதவின் பலகை. எல்லாம் முடிந்து சுற்றிவிட்டால் அது சுற்றுகிறதா நிற்கிறதா என்று உற்றுப் பார்க்க வேண்டும். அவ்வளவு நேர்.

அக்கா உட்கார்ந்தார். மண்ணை வைத்தார். வரவில்லை.

ஒன்பது வருஷம் தொட்டி செய்த கை, ஒரு கோப்பை கூட எடுக்க முடியாமல் திணறியது. விக்கல் வராத சக்கரத்தில் கை மட்டும் விக்கியது. சுற்றுக்கு ஒருதரம் விரல் தானாக விட்டுக்கொடுக்க, அந்த இடத்தில் சுவர் தடித்து, மேலே போகப் போகக் கோணிக்கொண்டு சரிந்தது. வாரங்கள் போயின. கம்பெனி வேலையை விட்டாயிற்று. ஒருநாள் மண் உருண்டையை எடுத்துத் தரையில் அடித்துவிட்டு, "நான் ஆட்டக்காரிகிட்டயே போறேன்" என்று அழுதிருக்கிறார். மாமா உருண்டையை எடுத்து மறுபடி பலகையில் வைத்திருக்கிறார்.

அதற்கு இரண்டு மூன்று நாள் கழித்து, காலையில் உட்கார்ந்தபோது வந்துவிட்டது. முதல் கோப்பையே நேராக எழும்பி நின்றது. அடுத்ததும். அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூட எழுந்திருக்கவில்லை.

இந்தக் கதையை அக்கா எனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை. எனக்கு மட்டுமா? மகள் கணக்குப் பாடத்தில் முட்டை வாங்கிக்கொண்டு வந்து நின்றபோதும் இதே கதைதான். "வராது வராதுன்னு உக்காந்திருந்தா வராது. நான் நேர்ச் சக்கரத்துல கத்துக்கலையா? என் கைய நானே மாத்திக்கலையா?" மகள் வாயசைத்து முழுக் கதையையும் கூடவே சொல்வாள். அக்கா வாழ்க்கையில் தன்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டது அது ஒன்றைத்தான்.

அந்தச் சக்கரத்தில்தான் மகள் படித்தாள், இவர்கள் சாப்பிட்டார்கள், எல்லாம் நடந்தது. குழந்தையாக இருந்தபோது பக்கத்தில் ஒரு மரப்பெட்டியில் துணி விரித்துப் போட்டிருப்பாராம். சக்கரம் நின்றால் குழந்தை விழித்துக்கொள்ளும். அதனால் மண் இல்லாமலே மிதித்துக்கொண்டிருந்த நாளெல்லாம் உண்டு. மிதித்து மிதித்து அந்தச் சிமெண்டு வட்டத்தில் பாதம் படுகிற தடம் கிண்ணம் மாதிரி வழவழவென்று குழிந்துவிட்டது. அக்கா அதைத் தடவிக் காட்டுவார். "செருப்புக் கடையில கூட இவ்வளவு சரியா அளவு எடுக்க மாட்டான்."

மாமா அதில் கை வைத்தது எண்ணெய் போடுவதற்கு மட்டும்தான். வருஷத்தில் சில தடவை, "எண்ணெய் போடணும், நீ போய்ட்டு வா" என்று அக்காவை அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவார். எண்ணெய் போட இவ்வளவு நேரமா என்று நான் கூட ஒருமுறை கேட்டேன். "செய்யறதச் செவ்வனே செய்யணும்ப்பா" என்றார்.

இடுப்பு போகப் போகத்தான் போனது. முதலில் காலையில் மட்டும் பிடித்தது. பிறகு படி ஏறும்போது. பிறகு ஒருநாள் சக்கரப் பலகையிலிருந்து இறங்க முடியாமல் அக்கா அப்படியே உட்கார்ந்திருந்தார். நானும் மாமாவும் ஆளுக்கு ஒரு தோளைப் பிடித்து இறக்கினோம். ஆஸ்பத்திரியில் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிற மகள் லீவு போட்டு வந்து டாக்டரிடம் கூட்டிப்போனாள். இனிமேல் காலால் மிதிக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

"நான் மிதிக்கிறேன், நீ செய்" என்றார் மாமா.

எதிரே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து மிதிக்கவும் செய்தார். அந்த ஒரு வாரம் எனக்குச் சுவருக்கு இந்தப் பக்கம் நல்ல பொழுதுபோக்கு.

"மெதுவா... மெதுவாங்க. நான் தொட்டி செய்றேன், மோர் கடையல."

"எத்தன வேகம்னு சொல்லு. நிமிஷத்துக்கு எத்தன சுத்துன்னு சொன்னா அப்படியே வெச்சுக்குறேன்."

"அது என்னான்னு எனக்கு எப்படித் தெரியும்? என் காலுக்குத்தான் தெரியும்."

"அப்ப உன் காலக் கேட்டுச் சொல்லு."

வாரக் கடைசியில் மாமாவுக்கு முட்டி வீங்கிக்கொண்டது. இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துத்தான் மகள் மோட்டார் சக்கரம் வாங்கி அனுப்பினாள்.

பெட்டியைப் பிரித்ததும் அக்கா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். கால் பக்கம் ஒரு மிதி, லேசாகத் தொட்டால் சுழல்கிறது, விட்டால் நிற்கிறது. பழசை விட்டுப் புதுசுக்குப் போக அழுவார் என்று நான் நினைத்திருந்தேன். அதெல்லாம் இல்லை. "இத இருபது வருஷத்துக்கு முன்னாடி எவனாவது குடுத்திருந்தா என் இடுப்பு எனக்கு மிஞ்சியிருக்கும்" என்றார். மண்ணை வைத்து உட்கார்ந்தார்.

வரவில்லை.

மறுநாளும் வரவில்லை. சுவர் ஒரு பக்கம் தடித்துக் கோணியது. மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, இந்த மோட்டார் ஒழுங்கா சுத்தல. பாத்துக் குடு."

பிரித்துப் பார்த்தேன். புது மோட்டார், காயில் சுத்தம், பேரிங் சுத்தம். மாட்டிக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து மறுபடியும் கூப்பிட்டார். "எங்கயோ ஆடுது. உனக்குத் தெரியல. எனக்குக் கையில தெரியுது."

கண்ணுக்குத் தெரியாத ஆட்டத்தைக் காட்டுவதற்கு டயல் கேஜ் என்று ஒரு கருவி இருக்கிறது. கடிகாரம் மாதிரி முகம், ஒரு முள். சுழலுகிற பொருளின் விளிம்பில் அதன் நுனியைத் தொட வைத்தால், தலைமுடி அளவு ஆட்டம் இருந்தாலும் முள் ஆடிக் காட்டும். மாமாவிடம் ஒன்று உண்டு. கேட்டேன்.

"அது எங்க கெடக்கோ" என்றார்.

மாமா எந்தக் கருவியையும் தொலைக்கிற ஆள் இல்லை. பெட்டியில் ஒவ்வொன்றுக்கும் துணி சுற்றி இடம் வைத்திருப்பவர். ஆனாலும் வயசாகிறது என்று நினைத்துக்கொண்டு, தெருமுனைப் பட்டறையில் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு வந்தேன். மோட்டார் சக்கரத்தில் வைத்து ஓட்டினேன். முள் அசையவில்லை.

"பாருங்கக்கா. துளி ஆட்டம் இல்ல."

அக்கா நம்பவில்லை. "கருவி கெட்டுப்போயிருக்கும். என் சக்கரத்துல வெச்சுப் பாரு. அது நேர்ச் சக்கரம். அதுல என்ன காட்டுதுன்னு பாப்போம்."

மாமா எழுந்தார். "நான் போய் டீ வாங்கிட்டு வரேன்" என்று தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பழைய சக்கரத்தில் கருவியைப் பொருத்தி, காலால் மெல்லச் சுற்றிவிட்டேன். முள் துள்ளியது. ஒரு சுற்றுக்கு ஒருதரம், ஒரே இடத்தில். நிறுத்திவிட்டு மறுபடி சுற்றினேன். அதே துள்ளல். அக்கா குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். சக்கரம் ஓய்ந்து நிற்கிற வரைக்கும் முள்ளையே பார்த்தார். அப்புறம் கையை நீட்டி, தட்டின் விளிம்பில் விரலை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, "சுத்து" என்றார். சுற்றினேன்.

"ஆட்டக்காரி" என்றார்.

மாமா டீயோடு வந்தபோது நான் மேல்தட்டைக் கழற்றியிருந்தேன். அவர் அன்றைக்கு மாட்டிய பேரிங் அங்கே இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பித்தளை வளையம். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தது. வேண்டுமென்றே தேய்த்தது.

"உங்களுக்குத் தெரியுமா?" என்று அக்கா கேட்டார்.

மாமா தூக்குவாளியைக் கீழே வைத்தார். "தெரியும்."

"எப்பருந்து?"

"மொதல்லருந்தே. நீ கம்பெனிக்கே போறேன்னு அழுத இல்ல, அதுக்கு அப்புறம்."

நான் கிளம்பப் பார்த்தேன். மாமா கையமர்த்தினார். தனியாக இருக்கப் பயந்தார் போல. அவர் அவ்வளவு பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். அக்கா அழுததும் மறுநாள் கம்பெனிக்குப் போயிருக்கிறார். ஆட்டக்காரி எந்த இடத்தில் எவ்வளவு ஆடுகிறது என்று அளந்துகொண்டு வந்திருக்கிறார். தன் பேரிங்கைக் கழற்றிவிட்டு, பட்டறையில் தூக்கிப் போட்டிருந்த ஒரு புஷ்ஷை எடுத்து அதே அளவுக்குத் தேய்த்து மாட்டியிருக்கிறார். ஓட ஓட அது இன்னும் தேய்ந்து, ஆட்டம் கூடிவிடும். கூடினால் அக்காவின் கைக்குத் தெரிந்துவிடும். அதனால் வருஷத்தில் சில தடவை வேறொரு வளையம் செய்து, அதே அளவு ஆட்டத்துக்குக் கொண்டுவந்து மாட்டுவார்.

"அதான் எண்ணெயா?" என்றார் அக்கா.

"அதான் எண்ணெய்."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலயே."

"எனக்குச் சக்கரத்த மாத்தத் தெரியும். உன் கைய மாத்தத் தெரியாது. என்ன பண்ணச் சொல்ற?"

ஒரு லேத்துக்காரருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். தான் வாழ்நாளில் செய்த மிக நேரான ஒன்றைத் தானே கெடுத்து, கெட்டது கெட்டபடியே இருக்க அத்தனை வருஷம் காவல் காத்திருக்கிறார். நான் உருகிவிட்டேன். அக்காவும் அப்படித்தான் உருகுவார் என்று எதிர்பார்த்தேன்.

அக்கா உருகவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் தன்னை இறக்கினார். முகத்தில் கோபம் கூட இல்லை. வெகுதூரம் நடந்து வந்தவருக்கு, இது தப்பான ஊர் என்று யாரோ சொன்ன மாதிரி இருந்தது.

"அப்ப நான் கத்துக்கல" என்றார்.

மாமா தூக்குவாளியின் மூடியைத் திறந்து மூடினார்.

"ஊரெல்லாம் சொல்லிட்டு இருந்தேன். பொண்ணுகிட்ட சொன்னேன். இவன்கிட்ட எத்தன வாட்டி சொன்னேன். என் கைய நானே மாத்திக்கிட்டேன்னு. நீங்களும் பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டுத்தான இருந்தீங்க?"

"கேட்டேன்."

"ஒண்ணும் தோணலையா?"

"சந்தோஷமா சொன்ன. கேட்டுட்டு இருந்தேன்."

டீ யாரும் குடிக்காமல் ஆடை படிந்தது.

அதன் பிறகு பட்டறை சில நாள் திறக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லாமல் எனக்கு வேலை ஓடவில்லை, சுற்றின கம்பியையே மறுபடி சுற்றினேன். செடிக்கடைக்காரர் தொட்டி கேட்டு வந்து, பூட்டைப் பார்த்துவிட்டு என்னிடம் விசாரித்தார். உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினேன். பொய்யும் இல்லை. மாமா தினமும் காலையில் என் கடைக்கு வந்து உட்கார்ந்தார். "பேசுறாங்களா மாமா?" என்றால், "சோறு வேணுமான்னு கேக்குறா. அவ்வளவுதான்" என்பார்.

ஒரு காலையில் அக்காவே வந்து பூட்டைத் திறந்தார். என்னையும் கூப்பிட்டார். மாமா மோட்டார் சக்கரத்தின் முன்னால் கருவிப்பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒரு யோசனை. இதன் பேரிங்கையும் எடுத்துவிட்டு ஒரு வளையம் போட்டுவிடலாம், ஒரு நாள் வேலை.

"மோட்டார் தாங்காது மாமா, சூடாகிக் கருகிடும்" என்றேன்.

"நான் அடியில ஒரு ரப்பர் பட்டை குடுக்குறேன். தாங்கும்" என்றார் மாமா. அவர் சொன்னால் தாங்கவும் செய்யலாம்.

அக்கா அவர் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கிப் பெட்டியில் போட்டு மூடினார். "இதத் தொடாதீங்க. போதும்."

"அப்ப எப்படிச் செய்வ?"

"செய்யலன்னா செய்யல."

குழந்தைகள் சொப்பு வைத்து விளையாடுகிற அளவில் சின்னச் சின்னத் தட்டிலிருந்து ஆரம்பித்தார். அந்த வயசில், அந்த இடுப்போடு. பார்க்கவே கஷ்டமாக இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு முழங்கையையும் விலாவில் இறுக்கி, விரல் விட்டுக்கொடுக்கிற அந்த நொடியைப் பிடிக்கப் பார்ப்பார். பிடிக்க முடியாது. தட்டு கோணும். கம்பியால் அறுத்து ஓரமாக எறிவார். மாமா அதை எடுத்துப் பிசைந்து, மறுபடி ஒரே எடையில் உருண்டை பிடித்து அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வைப்பார். மழை வந்து போனது, வெயில் வந்தது. அவர்கள் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். மகள் போன் பண்ணினால் "புதுசு நல்லாருக்கு" என்று மட்டும் சொல்வார்.

நடுவில் ஒருநாள் நான் கேட்டே விட்டேன். "எதுக்குக்கா இவ்வளவு பாடு? பேசாம ஓய்வெடுங்களேன்."

"ஓய்வெடுத்து என்ன பண்றது? படுத்தா இடுப்பு வலிக்குது. உக்காந்தாலும் வலிக்குது. இங்க உக்காந்தா கை ஓடறதுல வலி கொஞ்சம் மறக்குது" என்றார். கோணின தட்டைக் கம்பியால் அறுத்துக்கொண்டே சொன்னார், "அவரு பண்ணது தப்புன்னு சொல்ல வரல. நான் அன்னிக்கு அழாம இன்னும் பத்து நாள் உக்காந்திருந்தா வந்திருக்குமோ என்னமோ. இனிமே யாரக் கேக்குறது?"

ஒரேயடியாக ஒருநாள் காலையில் வந்துவிடவில்லை. தட்டு வந்தது. பிறகு மூடி. பிறகு உள்ளங்கைக்குள் அடங்குகிற கிண்ணம். கோப்பை வருவதற்கு நெடுநாள் ஆனது. பெரிய தொட்டி வரவே இல்லை. உயரம் ஏற ஏறப் பழைய விக்கல் வாய் விளிம்பில் வந்து நின்றுவிடும். செடிக்கடைக்காரரிடம், பெரிய தொட்டிக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அக்காவே சொல்லிவிட்டார். சொன்ன அன்று முகம் தெளிவாகத்தான் இருந்தது. "தூக்கி வைக்கவும் தெம்பில்ல" என்றார்.

பழைய சக்கரத்தை, மண்வேலை வகுப்பு நடத்துகிற ஒரு டீச்சர் கேட்டார். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு மிதிக்கிற சக்கரம் நல்லது என்றாராம். அக்கா தலையாட்டினார். கொண்டுபோக வருவதற்கு முந்தின நாள் மாமா வளையத்தைக் கழற்றிவிட்டுப் புதுப் பேரிங் மாட்டினார். கதவைச் சாத்தவில்லை. அக்கா பக்கத்திலேயே ஸ்டூலில் உட்கார்ந்து விளக்கைப் பிடித்தார்.

"இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் காட்டு."

"காட்டுறேன். கண்ணு தெரியலன்னா சொல்லுங்க, தம்பி மாட்டட்டும்."

"நான் மாட்டுவேன்."

மாட்டி முடித்துச் சுற்றிவிட்டார். சத்தமில்லாமல், நிற்கிற மாதிரியே சுற்றியது. மாமா அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அப்படிப் பார்த்ததை அக்கா பார்த்தார்.

"நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க" என்றார்.

மாமா கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் வேனில் நான்கு பேர் வந்து தூக்கினார்கள். கனம் தாங்காமல் வாசலில் இரண்டு தடவை இறக்கி வைத்தார்கள். அக்கா வெளியே வரவில்லை. உள்ளே மோட்டார் சக்கரத்தில் கிண்ணம் செய்துகொண்டிருந்தார். வேன் போன பிறகு நான் எட்டிப் பார்த்தேன். காலியான இடத்தில் தரை வேறு நிறமாக இருந்தது. மாமா அதைத் துடைப்பத்தால் பெருக்கிக்கொண்டிருந்தார்.

இப்போது பட்டறை பாதி நாள்தான். மத்தியானத்துக்கு மேல் அக்காவால் உட்கார முடிவதில்லை. டீக்கடைகளுக்குக் கோப்பையும், வீட்டுக்காரர்களுக்கு மூடிக் கிண்ணமும் போகிறது. மாமாவுக்கு ஒரு காது அடைத்துவிட்டது, அதனால் அக்கா சொல்கிறதில் பாதி என் கடைக்குத்தான் முதலில் கேட்கிறது.

நேற்று வேலையை முடித்துவிட்டு வாசலில் நின்றார்கள். ஷட்டரை இழுக்க மாமா கையைத் தூக்கினார், தோள் வரைக்கும்தான் வந்தது. அக்காவுக்கு எட்டவே எட்டாது.

"தம்பி, கொஞ்சம் வந்து இழுத்து விடு" என்று அக்கா கூப்பிட்டார்.

இழுத்துப் பூட்டிச் சாவியைக் கொடுத்தேன்.

"நாளைக்குத் திறப்பீங்களா?" என்று கேட்டேன்.

"கோப்ப காயுது. வந்துதான் ஆகணும்" என்றார். மாமாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். யாருக்கு யார் பிடிமானம் என்று சொல்ல முடியாதபடி, சந்தின் ஓரமாக, மெதுவாக நடந்து போனார்கள்.